சாக்கில் போன தாய்ப்பூனை

இரண்டு வருடங்களுக்கு முன், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது. கடலூரில் எங்கள் தெருவில் பூனைகள் பெருகிவிட்டிருந்தன. பெருகினால் ஒன்றிரண்டைச் சாக்கில் பிடித்துத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் விட்டுவருவது எங்கள் வழக்கம். அங்கே மீன் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும் என்று ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்வோம். அன்று என் முறை. எங்கள் மாடிப்படியில் திரிந்த சாம்பல் நிறப் பூனையைக் கருவாடு காட்டிப் பிடித்து, பைக்கில் கொண்டுபோய்ப் படகுகளுக்கு அருகே அவிழ்த்துவிட்டேன். திரும்பிப் பார்க்காமல் ஓடியது.

வீட்டுக்கு வந்தால், மனைவி படிக்கட்டுக்குக் கீழே குனிந்து நிற்கிறாள். பழைய ஏர்கூலருக்குள் மூன்று குட்டிகள். கண் திறந்து சில நாள்தான் இருக்கும்.

"இதுங்களுக்கும் சாக்கு வச்சிருக்கீங்களா?" என்றாள்.

இங்க் ஃபில்லரில் பால் விட்டுப் பார்த்தோம். இரண்டு துப்பின. ஒன்று வாயே திறக்கவில்லை.

மறுபடி கடற்கரைக்கு ஓடினேன். படகுகளுக்கு நடுவே கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். வேறு பூனைகள்தான் வந்தன. மீன் ஆய்ந்துகொண்டிருந்த ஓர் அம்மா நிமிராமலே கேட்டார்: "காலையில வுட்டுட்டுப் போனது நீங்கதான சார்? டவுன்காரவுங்க பூனைக்கெல்லாம் நாங்க என்ன ஹாஸ்டலா நடத்துறோம்?"

குட்டிகளைப் பற்றிச் சொன்னேன். அவர் கை நின்றது.

"புடிக்கும்போது வயித்தப் பாக்க மாட்டீங்களா? பால் கட்டியிருக்குமே. நீங்க கூப்ட்டா அது ஜென்மத்துக்கும் வராது. குட்டிய எடுத்துட்டு வாங்க. அது கத்துனா வரும்."

நன்றாகக் கத்தும் குட்டியை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோனேன். அதைத் தன் கூடைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என்னைத் தள்ளிப் போய் நிற்கச் சொன்னார். நாய் நெருங்கியபோதெல்லாம் அவரே விரட்டினார். அரை மணி நேரம் குட்டி கத்தியது. குரல் கம்மத் தொடங்கியபோது, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகுக்கு அடியிலிருந்து சாம்பல் பூனை வயிறு மணலில் உரச வந்தது. பெட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டது. மூடும்போதுகூட அசையவில்லை.

"போய் ஆபரேஷன் பண்ணி வுடுங்க. இங்க அனுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மீனை எடுத்தார்.

மூன்று குட்டிகளும் பிழைத்தன. அவை பால்குடி மறந்து கொஞ்சம் வளர்ந்ததும், தாயோடு சேர்த்து நான்கையும் கருத்தடைக்குக் கொண்டுபோனோம். இப்போது எங்கள் தெருவில் பூனைகளோடு முறை வைத்துப் போவது கால்நடை மருத்துவமனைக்குத்தான். அதற்கு முன் எத்தனை தாய்ப் பூனைகளைக் கடற்கரையில் விட்டிருப்போம், எத்தனை குட்டிகள் கத்தி அடங்கியிருக்கும்? எங்களில் யாரும் பார்க்கவில்லை.

சாம்பல் பூனை இன்னும் எங்கள் மாடிப்படியில்தான் இருக்கிறது. மனைவியின் மடியில் தூங்கும். நான் கருவாடு நீட்டினால் மட்டும் எட்டவே நின்று பார்க்கும். அந்தப் பார்வை இருக்கும்வரை, ஓர் உயிரை அப்புறப்படுத்தும் முன் ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும் என்பது எனக்கு மறக்காது.