வெள்ளாடு என்று எழுதியிருக்கலாம்

கல்வராயன் மலைமேல் ஒரு கால்நடை மருந்தகம், அடிவாரத்தில் ஒன்று. இரண்டுக்கும் சேர்த்து மருத்துவர் நான் ஒருத்திதான். மேலே இருப்பது எனக்குக் கூடுதல் பொறுப்பு. மூன்று மாதத்துக்கு என்று சொல்லிக் கொடுத்தது ஐந்தாவது வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. மேலே போனால் கீழே திட்டுவார்கள், கீழே இருந்தால் மேலே திட்டுவார்கள். இரண்டு பக்கத்துத் திட்டும் பழகிப்போயிருந்த சமயத்தில்தான் அந்தக் கறி என் மேசைக்கு வந்தது.

அன்று காலையில் மலைமேல் ஒரு பசுவுக்குப் பிரேதப் பரிசோதனை, இன்ஷூரன்ஸுக்காக. மழை வேறு. முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது வனத்துறை ஜீப் வந்து நின்றது. வனவர் ஒரு பையைப் பிரித்து மேசையில் வைத்தார். கயிற்றில் கோத்துக் காயவைத்த உப்புக்கண்டம். ஒரு வீட்டில் மான் கறி இருக்கிறது என்று யாரோ தகவல் சொன்னார்களாம். போய்ப் பார்த்தபோது அடுப்புக்கு மேலே இது தொங்கிக்கொண்டிருந்ததாம். வீட்டுக்காரன் ஜீப்பின் பின்னால் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். அங்கிருந்தபடியே என்னிடம் சொன்னான்:

"எங்க வூட்டு கெடாங்கம்மா. கோயிலுக்கு வெட்டனது. மிச்சத்த உப்பு போட்டு வச்சிருந்தோம்."

ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தோலோடு தீயில் வாட்டி வெட்டிய கறி. தோலின் ஓரத்தில் தீ படாமல் நாலைந்து முடி ஒட்டிக்கொண்டிருந்தது. கறுப்பு, மெல்லியது. மான் முடி அப்படி இருக்காது, தடித்திருக்கும், மடக்கினால் ஒடியும். இருபது வருடமாக ஆட்டைப் பிடித்து ஊசி போடுகிற கைக்கு இதுகூடத் தெரியாதா? வெள்ளாடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை.

பயம் என்று சொன்னால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். சலிப்புதான். வெள்ளாடு என்று எழுதினால் நாளைக்கு யாராவது எதை வைத்துச் சொன்னாய் என்று கேட்பார்கள், விளக்கம் எழுத வேண்டும், கோர்ட்டுக்கு அலைந்து கூண்டில் ஏற வேண்டும். டி.என்.ஏ. பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது. ஒரு துண்டு கறி அனுப்பினால் ஆடா மானா என்று ஆய்வகம் சொல்லிவிடும். 'பார்வையில் இனத்தை உறுதி செய்ய இயலவில்லை, டி.என்.ஏ. பகுப்பாய்வுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொறுப்பைத் தட்டிக்கழிக்க இதைவிடக் கௌரவமான வாக்கியம் எனக்குத் தெரியாது.

பிறகு ஒரு துண்டை வெட்டி பாட்டிலில் போட்டேன். பக்கத்தில் காலையில் எடுத்த பசுவின் ஈரல் துண்டு இன்னொரு பாட்டிலில் இருந்தது. அதற்கு ஊற்றிய ஃபார்மலினையே இதற்கும் ஊற்றி, மூடி, அரக்கு வைத்து முத்திரை குத்திக் கொடுத்தேன். எல்லாவற்றையும் கை தன்பாட்டுக்குச் செய்தது. மனசு மதியச் சாப்பாட்டில் இருந்தது.

அவனைக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோய் ரிமாண்டில் வைத்தார்கள். கெட்டுப்போகும் பொருள் என்று நீதிமன்றத்தில் அனுமதி வாங்கி மிச்சக் கறியை எரித்தார்கள். ஜாமீன் கேட்டபோது, ஆய்வக அறிக்கை வரட்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆக, அவன் வெளியே வருவது நான் முத்திரை வைத்த அந்த ஒரு பாட்டிலை நம்பி இருந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அடிவாரத்து மருந்தகத்துக்கு ஒரு பெண் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வெள்ளிமலையிலிருந்து பஸ்ஸில் ஏற்றி, அதற்கும் டிக்கெட் எடுத்துக் கொண்டுவந்திருக்கிறாள். உடம்புக்கு என்ன என்று கேட்டேன்.

"அதுக்கு ஒண்ணும் இல்லீங்க டாக்டரம்மா. ஜெயில்ல இருக்கிறவரு எங்க வூட்டுக்காரரு. அந்தக் கெடாவப் பெத்த ஆடு இதுதாங்க. இன்னாமோ டெஸ்ட்டு எடுக்கறாங்களாமே, அம்மா யாரு புள்ள யாருன்னு அது சொல்லிடுமாமே. இதோட ரத்தத்தையும் எடுத்து அனுப்பிடுங்க. இதோட குட்டியத்தான் வெட்டனோம்னு தெரிஞ்சிடும்ல?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. யோசித்தால் அவள் சொன்னதில் தப்பும் இல்லை. தாயையும் குட்டியையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்தான். ஆனால் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

"அதெல்லாம் வேணாம்மா. கறிய வச்சே ஆடா மானான்னு சொல்லிடுவாங்க."

"இத்தினி நாளு ஆச்சே, கெட்டுப் போயிருக்காதுங்களா?"

"கெடாது. மருந்துல போட்டுதான அனுப்பியிருக்கேன்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. ஃபார்மலின் சதையை அழுகாமல் வைத்திருக்கும், உள்ளே இருக்கிற டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். கல்லூரியில் இதைப் படித்து மார்க் வாங்கியவள் நான். ஆல்கஹாலில் போட்டிருக்க வேண்டும், இல்லை ஐஸில் வைத்திருக்க வேண்டும். ஒன்றுமே செய்யாமல் அந்த உப்புக்கண்டத்தைக் காகிதத்தில் மடித்து அனுப்பியிருந்தால்கூட நன்றாகவே இருந்திருக்கும். இவள் போட்ட உப்பு அதைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தது. கெடுத்தது நான் ஊற்றிய மருந்து.

அவளிடம் சொல்லவில்லை. "ரிப்போர்ட் வந்துடும், போயிட்டு வா" என்றேன். இவ்வளவு தூரம் வந்ததற்கு ஆட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுத்து அனுப்பினேன். அதற்கும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் ஆய்வகத்தில் வேலை செய்யும் என் வகுப்புத் தோழிக்குப் போன் செய்தேன்.

"ஃபார்மலின்லயா போட்ட? நீயா?" என்றாள். பிறகு, "முயற்சி பண்ணச் சொல்றேன். ரொம்ப நம்பாத" என்றாள்.

அன்றைக்கே நீதிமன்றத்துக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. மெமோ வரும், இன்கிரிமென்ட் நிற்கும் என்று கணக்குப் போட்டேன். ஒருவேளை ஆய்வகத்தில் எப்படியாவது எடுத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாமல் போய்விடும் என்றும் நினைத்தேன். தினமும் தடுப்பூசி போட்டேன், கன்று இழுத்தேன், பதிவேடு எழுதினேன், வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். அவன் உள்ளே இருந்தான். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு மாதத்துக்கு மேல் ஆன பிறகு அறிக்கை வந்தது. மாதிரியிலிருந்து டி.என்.ஏ. பெற இயலவில்லை, இனம் கூற இயலாது. ஆடும் இல்லை, மானும் இல்லை. அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. மாதிரியைத் தவறான திரவத்தில் அனுப்பியது நான், தவறு முழுக்க என்னுடையது என்று நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அதன்மேல் ஜாமீன் கிடைத்தது. அவன் வீடு திரும்பியபோது மலையில் சாமை விதைப்பு முடிந்துபோயிருந்தது. அந்த வருடம் அவர்கள் காடு தரிசாகவே கிடந்தது. எனக்கு மெமோ வந்தது, பதில் எழுதினேன், அவ்வளவுதான்.

வழக்கு பிறகு விசாரணைக்கு வந்து ஒருவழியாகத் தள்ளுபடியும் ஆனது. நான் சாட்சி சொன்ன நாள்தான் இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. எதற்குச் சலித்து அன்று வாயை மூடிக்கொண்டேனோ, அந்தக் கூண்டில்தான் கடைசியில் ஏறி நின்றேன். ஃபார்மலினைப் பற்றி அவன் வக்கீல் நான் எதிர்பார்த்ததையெல்லாம் கேட்டார். கடைசியாக ஒன்று கேட்டார்.

"கறியைக் கையில் எடுத்துப் பார்த்தீர்களே, உங்களுக்கு என்ன என்று தோன்றியது?"

"வெள்ளாடு."

"அதை ஏன் எழுதவில்லை?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவர் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்து வராந்தாவில் நின்றேன். அவன் உள்ளேயே வக்கீலோடு நின்றிருந்தான். அவள் மட்டும் என் பக்கத்தில் வந்தாள். கதவோரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அன்னிக்கே தெரியுமா டாக்டரம்மா உங்களுக்கு?"

"தெரியும்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"நீங்க எங்கள நம்பலையாக்கும்னுதான் இம்மா நாளா நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள்.

மதியம் மலைக்குப் போகும் பஸ்ஸில் அவர்களும் ஏறினார்கள், எனக்கு மேலே முகாம் இருந்ததால் நானும் ஏறினேன். எனக்கு முன் இருக்கையில்தான் அவள் உட்கார்ந்தாள். வெள்ளிமலை வரும்வரை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.