சத்தம் நின்றதும் எழுந்த கை

எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. ஆராய்ச்சிக்கு வந்தவளுக்கு இருக்கக்கூடாத குணம் என்று கூட வேலை செய்பவர்களே கேலி செய்வார்கள். ராசிபுரத்து அக்கா ஒருவர் வந்துபோகும்வரை நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கின் மாடி அறை. தீராத தோள்வலிக்காரர்களின் தலைமேல் காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டிவிட்டுப் பயிற்சி கொடுத்தால் கை சீக்கிரம் எழுகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வு. பார்க்க ஒன்றுபோல இரண்டு சுருள்கள். ஒன்று அசல், மற்றது டக்டக்கென்று சத்தம் மட்டும் போடும். யாருக்கு எது என்று படுத்திருப்பவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தப் பட்டியல் சக ஆய்வாளரின் பீரோவில் பூட்டியிருந்தது.

அக்கா பதினெட்டு வருடம் விசைத்தறி ஓட்டியவர். வலது கை நெஞ்சுக்கு மேல் போகாது. தலையைக்கூட மகள்தான் பின்னிவிட வேண்டும். "கை மட்டும் மேல போச்சுன்னா போதுமுங்க டாக்டரம்மா, தறிக்குப் போயிருவேன்" என்றார் முதல் நாளே. பொய்ச் சுருளும் வரலாம் என்று விளக்கிக் கையெழுத்து வாங்கினேன். "எதைய வெச்சாலும் செரிங்க" என்று போட்டுக் கொடுத்தார்.

நான்காம் நாள். சுருள் சில விநாடி தட்டும், ஓயும், மறுபடி தட்டும். அப்படி ஓய்ந்த ஒரு இடைவெளியில், கண்மூடிச் சாய்ந்திருந்தவரின் வலது கை மெல்ல எழுந்தது. நெஞ்சைத் தாண்டி முகத்துக்கு எதிரே நீண்டது. விரல்கள் காற்றில் எதையோ கிள்ளின, உருட்டின, விட்டன. சத்தம் தொடங்கியதும் கை மடிக்கு இறங்கிவிட்டது.

"அக்கா, கையைத் தூக்கினீங்களா?"

"நான் தூக்கலீங்களே."

அசல் சுருள் சரியான இடத்தில் தட்டினால் விரல் துடிக்கும். அது வேறு ஆய்வுகளில் பழகிய காட்சி; இங்கே அசலும் துடிப்பு வராத அளவுக்குத்தான் தட்டும். தட்டு நின்ற பிறகு ஒரு கை தானாக எழுந்து வேலை செய்ததை நான் பார்த்ததே இல்லை. வீடியோவைக் காட்டினேன். அவர் பயப்படவில்லை. "கரண்டு தூக்குதுங்க" என்று சிரித்தார்.

பிறகு தினமும் எழுந்தது. பயிற்சியிலும் அவராகவே தூக்கத் தொடங்கினார். கடைசி வாரம் தானே தலை பின்னிப் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லோருக்கும் முடிந்தபின் பட்டியலைத் திறந்தார்கள். அக்காவுக்கு வைத்தது பொய்ச் சுருள்.

வீடியோக்களை ஒன்றுவிடாமல் மறுபடி பார்த்தேன். சத்தம் நிற்கிறது, கை போகிறது. அப்போதுதான் உறைத்தது. நூல் அறுந்தால் தறி நிற்கும். நின்ற உடனே தறிக்காரரின் கை போய் அறுந்த நூலை முடிச்சுப் போடும். எங்கள் அறையில் இல்லாத ஒரு நூலை அந்தக் கை நாள்தோறும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

விவரத்தை அவரிடம் சொல்லியாக வேண்டும், அது விதி. உட்காரவைத்துப் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். நான் கடைசிப் பரிசோதனைக்கு வந்தவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். "அக்கா, உங்களுக்குக் கரண்டே வைக்கலை. வெறும் சத்தம். உங்க தறிப் பழக்கம்தான் கையைத் தூக்கியிருக்கு!" நல்ல செய்தி சொல்கிற நினைப்பு எனக்கு.

அவர் முகம் வெளுத்தது. "நான் ஓட்டுன தறியா இப்ப என்னைய ஓட்டுது?"

"அப்படியில்லைக்கா, அது உங்க கைதான். தூக்குங்க பார்க்கலாம்."

பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அந்நியரைப் பார்ப்பதுபோல அவர் தன் வலது கையைப் பார்த்தார். அது நெஞ்சுவரை வந்து நின்றது.

"வலிக்குதாக்கா?"

"வலி இல்லீங்க. பயமா இருக்குது."

அசல் சிகிச்சை தருகிறேன் என்று கெஞ்சினேன். வேண்டாம் என்றார். படிவத்தில் வலிக்கு நேரே பூஜ்யம் எழுதிக்கொண்டேன். எழுத எனக்கே வெட்கமாக இருந்தது. வலது கையை இடது கையால் வயிற்றோடு அழுத்திப் பிடித்தபடி அவர் படியிறங்கிப் போனார்.