ஆர்க்கியாவின் பின்பக்கம்

ஒற்றை அறை வீடு இரண்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். கட்டிய விதம் மட்டும் வேறு. அது என்ன? சிறுவர் பக்கம் எழுதுகிறவர்களுக்கு விடுகதை போடுவது சுலபம். விடை சொல்லும்போதுதான் மாட்டிக்கொள்வோம். உங்களில் சிலரும் மாட்டியிருப்பீர்கள்.

ஒரே படம்

விடை: பாக்டீரியாவும் ஆர்க்கியாவும். இரண்டும் ஒற்றைச் செல் உயிர்கள். இரண்டிலும் உட்கரு கிடையாது. நுண்ணோக்கியில் பார்த்தாலும் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் என் சிறுவர் பக்கத்தில் ஒரே படத்தை இரண்டு முறை அச்சிட்டு, பெயரை மட்டும் மாற்றிவிட்டேன்.

எட்டாம் வகுப்பு கோமதி அதைப் பார்த்துப் பள்ளிக் கண்காட்சிக்கு அட்டை வரைந்தாள். ஒன்றையே இரண்டு முறை வரைந்திருக்கிறாய், இடம் இல்லை என்று ஆசிரியை சொல்லிவிட்டாராம். மறுநாளுக்குள் திருத்தினால் பார்க்கலாமாம். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து அம்மாவோடு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். அம்மா செல்வி பட்டு நெய்கிறவர். அட்டையை என் முன்னால் வைத்துச் சொன்னார்: "ஒரே பூவை ரெண்டு தடவ போட்டு ரெண்டு டிசைன்னு சொன்னா எந்தக் கடையில சார் எடுத்துக்குவாங்க?"

வித்தியாசம் எங்கே

தவறு என்னுடையது என்று ஒப்புக்கொண்டு விளக்கினேன். பாக்டீரியாவின் சுவரில் பெரும்பாலும் பெப்டிடோகிளைகான் என்ற வலைபோன்ற பொருள் உண்டு. ஆர்க்கியாவில் அது இல்லை. சுவருக்கு உள்ளே இருக்கும் சவ்வில் கொழுப்பு மூலக்கூறுகள் பிணைந்திருக்கும் விதமும் வேறு. செல்லுக்குள் மரபுச் செய்தியைப் படிக்கும் கருவிகளிலோ ஆர்க்கியா பாக்டீரியாவைவிட நமக்குத்தான் நெருக்கம்.

கோமதி எழுதிக்கொண்டாள். அட்டையில் எழுதியிருந்ததைக் காட்டி, கொதிக்கிற ஊற்றில்தான் ஆர்க்கியா இருக்குமா என்று செல்வி கேட்டார். மாட்டின் வயிற்றிலும் உண்டு, நம் குடலிலும் உண்டு என்றேன். அவர் புடவையைப் புரட்டுவதுபோல அட்டையைப் புரட்டி மகளிடம் சொன்னார்: "பட்டு தெரிஞ்சவங்க பின்பக்கத்தைத்தான் பார்ப்பாங்கமா. பார்டர் எப்படி சேர்ந்திருக்குதுன்னு அங்கதான் தெரியும்."

சுவரோரம்

மறுநாள் கண்காட்சிக்குப் போனேன். கோமதி பழைய படங்களை அழிக்கவில்லை. அட்டையின் பின்பக்கத்தில் அம்மாவின் தறியில் மிஞ்சிய பட்டிழையை ஒட்டி அதே இரு வடிவங்களை அமைத்திருந்தாள். பாக்டீரியாவுக்குச் சுவரில் வலை. ஆர்க்கியாவுக்கு வலை இல்லை, சவ்வில் வேறு முடிச்சு. ஆசிரியை இரண்டு முறை பார்த்துவிட்டு இடம் கொடுத்தார். ஆனால் சுவரில்தான், ஒரு பக்கம் மட்டும் தெரியும்.

"முன்பக்கம் கலரா, அழகா இருக்குதேமா. அதையே காட்டேன்" என்றார் ஆசிரியை.

கோமதி பின்பக்கத்தை வெளியே வைத்து ஒட்டினாள்.