ஒன்றரைக் கிலோ

விண்கலத்தின் தண்ணீர்க் குழாய்களைப் பொருத்தியவள் அவள். பட்டறையில் எல்லோருக்கும் ‘குழாயக்கா’. எட்டு மாதப் பயணத்தில் ரிப்பேர் பார்க்கவும் அவளையே தேர்ந்தெடுத்தார்கள். அவளால் முடியாமல் போனால் போவதற்கு மாற்று ஆள், பக்கத்து மேசை எலக்ட்ரீஷியன். அவளுக்குக் கூடப் பிறக்காத தம்பி.

சொந்தச் சாமான் ஒன்றரைக் கிலோதான் கொண்டுபோகலாம். ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் எல்லாவற்றையும் பரப்பி அவளும் கணவனும் மல்லுக்கட்ட, சமையலறைத் தராசோடு உட்கார்ந்து தம்பி பஞ்சாயத்து பண்ணினான்.

“மாமாவோட ஸ்வெட்டரே முக்கால் கிலோ முழுங்குதுக்கா.”

“மாமாவையே மடிச்சு வைக்க முடிஞ்சா தேவல.”

கணவன் சிரித்தபடி கத்திரிக்கோலை எடுத்துவந்து ஸ்வெட்டரின் ஒரு கையை மட்டும் வெட்டிக் கொடுத்தான். மகள் செய்த கோணல் களிமண் யானையும் கல்யாணப் போட்டோவும் அதோடு சேர்ந்தன. திங்கட்கிழமை பையை ஒப்படைத்தாள்.

புதன்கிழமை டாக்டர் கூப்பிட்டனுப்பினார். “படியேறும்போது தலை சுத்துதாமே? ஏன் மறைச்சீங்க?”

அதை அவள் ஒரே ஒருவனிடம்தான் சொல்லியிருந்தாள். காதில் கோளாறு என்று சோதனையில் தெரிந்தது. பயணம் அவளுக்கு இல்லை என்றாகிவிட்டது.

பையைத் திரும்ப வாங்கப் போனபோது எடை போடுகிறவர் இரக்கப்பட்டுப் பேச்சுக் கொடுத்தார். “மாற்று ஆள், போறது உறுதியானப்புறம் சாமான் லிஸ்ட் குடுத்தாப் போதும்மா. ஆனா உங்க தம்பி போன வெள்ளிக்கிழமையே குடுத்துட்டாரு. அது உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

வெள்ளிக்கிழமை! அதற்கப்புறம்தானே வீட்டுக்கு வந்து தராசைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்?

நேரே பட்டறைக்குப் போனாள்.

“உன் நல்லதுக்குத்தான்க்கா டாக்டர்கிட்ட சொன்னேன். மேல போய் ஏதாவது ஆயிட்டா?”

“சொன்னது தப்பில்ல. மறைச்சது என் தப்பு. ஞாயித்துக்கிழமை எதுக்குடா வந்தே? அவர் ஸ்வெட்டர வெட்டும்போதுகூட உனக்கு வாய் வரலையே!”



கலம் கிளம்பிய காலையில், டிவியைப் போடலாமா என்று கணவன் தயங்கினான்.

“போடுங்க. உள்ள இருக்கற குழாயெல்லாம் நான் மாட்டினது.”

தம்பியும் மற்ற பயணிகளும் கையசைத்தபடி வந்தபோது பாத்திரம் கழுவுகிற சாக்கில் எழுந்து போனாள். கலம் எழும்பும் இரைச்சல் கேட்டதும் ஈரக்கையோடு ஓடிவந்து, அது புள்ளியாகி மறையும்வரை நின்று பார்த்தாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் பீறிட்டு வந்தது.