துடைத்த மீன்கள்

“தள்ளுய்யா!” கணவனைத் தோளால் இடித்துவிட்டுக் கல்பனா தொட்டிக்குள் கையை விட்டாள். சிமெண்ட் சுவர் சொரசொரத்தது. காலையில் அங்கே பச்சைப் பாசி இருந்தது. இப்போது பிளீச்சிங் பவுடர் வாசம். வெளிப்பக்கம் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி.

அன்புராஜ் துணியும் சிரிப்புமாக நின்றான். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். ஆயுத பூஜைக்கு முதல் நாள் அங்கே மெஷின்களைப் பிசுக்குப் போகத் துடைத்துப் பொட்டு வைத்திருந்தார்கள். இன்று அவள் பொரிகடலை வாங்கக் கவரப்பேட்டைக் கடைக்குப் போன நேரத்தில், வீட்டுக்குப் பின்னாலிருந்த தங்கமீன் தொட்டிக்கும் அதையே செய்துவிட்டான்.

“மீனெல்லாம் இன்னா பண்ண?”

“காஞ்ச துணியால ஒண்ணொண்ணா தொடச்சி வுட்டேன்மே. ஒரே கொழகொழன்னு அழுக்கு. தொட்டிய நாலு தண்ணி வுட்டு அலசிட்டேன். பாரு, பளபளன்னு கீது.”

“அது அழுக்கில்லய்யா. மீனு தோலே அதான். அந்தக் கொழகொழப்ப தின்னுக்கினு நல்ல கிருமிங்க அதுலயே குடியிருக்கும். அதுங்க இடத்த புடிச்சிக்கினு இருந்தாதான் கெட்ட கிருமி ஒட்டாது. ரெண்டையும் வழிச்சிப் போட்டுட்டு பொட்டு வச்சிக்கினு நிக்கற!”

“கிருமின்னா கழுவத்தானே சொல்றாங்க?”

பூஜைக்கு வந்திருந்த நாத்தனார் தமிழ்செல்வி சிரித்தாள். “வுடு அண்ணி. கழுவத்தானே செஞ்சாரு, கொழம்புக்கா கழுவனாரு?”

“நீ வாய மூடு.”

சில வருடங்களுக்கு முன், ஆறாம் மாதத்தில் வயிறு தெரிந்ததும், வேலை பார்த்த கம்பெனியில் கல்பனாவை இனி வர வேண்டாம் என்றார்கள். பிள்ளை பிறந்த பிறகு ஒரு ஜோடி தங்கமீனைப் பிளாஸ்டிக் டப்பில் விட்டாள். முதலில் அவளும் தினமும் டப்பைத் தேய்த்துத் தண்ணீர் மாற்றி, குஞ்சுகளைக் கொன்றவள்தான். தேய்ப்பதை விட்டபிறகே பிழைத்தன. டப்பு தொட்டியாயிற்று. சிவப்புத் தலை வெள்ளை மீன் அவள் வளர்த்த வம்சத்தில் நான்காவது தலைமுறை. வயிறு முட்ட முட்டையோடு இருந்தது. இந்த வாரம் இட வேண்டியது.

இத்தனை வருடத்தில் அன்புராஜ் தொட்டிப்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. மீன் நாற்றம் என்று சட்டையை முன்பக்கம் காயப்போடுவான். முதன்முதலாகக் கை வைத்தான், அதுவும் துடைக்க.

அடுத்த தெரு நர்மதா, இங்கிருந்து தண்ணீரும் பாசி படிந்த கல்லும் கொண்டுபோய்த்தான் மீன் வளர்க்க ஆரம்பித்திருந்தாள். அந்தத் தண்ணீரிலாவது நல்ல கிருமி இருக்கும் என்று கல்பனா குடத்தோடு அங்கே போனாள்.

“பாசித் தண்ணியா? இன்னாக்கா, பண்டிகை நாள்ல! எடுத்துக்கோ.”

திரும்பும்போது அன்புராஜ் வாசலில் கை நீட்டினான். “குடு, தூக்கறேன்.”

“தொடாத.”

புதுத் தண்ணீரில் ஒரு குடம் அளவு இறக்கிவிட்டு, பாசித் தண்ணீரை ஊற்றி, கல்லுப்புப் போட்டாள். சிவப்புத் தலை அடியிலேயே நின்றது. யாரும் பொரி சாப்பிடவில்லை.

மறுநாள் விஜயதசமி. சிவப்புத் தலை ஒருக்களித்து மிதந்தது. துணி பட்ட இடங்களில் வெள்ளையாகப் பஞ்சு போலப் பூசணம் பிடித்திருந்தது. இன்னும் நான்கு மீன்கள் தண்ணீரின் மேல் வாயைத் திறந்து திறந்து மூடின. கல்பனா செத்ததைத் தென்னையடியில் புதைத்தாள். தமிழ்செல்வி மீஞ்சூருக்கு ரயில் ஏறினாள். மதியம் சாம்பார். அன்புராஜுக்கு லீவு. முன்பக்கம் உட்கார்ந்து பொரி தின்றான்.