சுனைக்கு வந்த எட்டு ஆசிரியர்கள்

மலைக்கு ஆட்களைக் கூட்டிப் போகிற வேலையில் வழி காட்டுவது கால்வாசிதான், மீதி முக்கால்வாசியும் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது. சொந்தக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு நாளாவது சுற்றுலா போய் வந்தவர் என்றால், என் பாடு உங்களுக்கும் விளங்கும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வயல் வட்டைகளைத் தாண்டிக் காட்டுக்குள் ஒரு கல்மலை இருக்கிறது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பாறைகளுக்கு நடுவில், சின்னக் குளம் அளவுக்கு ஒரு சுனை. கச்சான் காற்று நெருப்பாக வீசுகிற மாதங்களிலும் வற்றாது. முதலை ஏறி வராத உயரம் என்பதால் அங்கே மட்டும்தான் ஆட்களை நீந்த விடுவேன். இந்த முறை பள்ளிக்கூட விடுமுறையில் எட்டு ஆசிரியர்கள் வந்தார்கள். அந்த ஒரு நாளில் நடந்தவை இவை.

என் கொஞ்சம்

சுபைதா டீச்சர் காத்தான்குடிக்காரர். ஓய்வு பெற இன்னும் இரண்டு மாதம். முழங்கால் வருத்தத்தோடு, தடியை ஊன்றிக்கொண்டு ஏறினார். முதல் ஏற்றத்திலேயே தூரம் கேட்டார். "இன்னும் கொஞ்சந்தான் டீச்சர்" என்றேன். எங்கள் தொழிலில் எல்லோரும் கூசாமல் சொல்கிற பொய் அது. உண்மையைச் சொன்னால் பாதிப்பேர் கீழே நிறுத்திய வான் வண்டிக்கே திரும்பிவிடுவார்கள்.

மூன்றாவது தடவையும் அதையே சொன்னபோது ஒரு கல்லில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

"புள்ள, நான் கணக்கு டீச்சர். உங்கட கொஞ்சம் ஒவ்வொரு தரமும் கூடிக்கொண்டு போகுது."

ரிஸ்வான் நானா ஏறிய கதை

எங்கள் வான் சாரதி ரிஸ்வான் ஓட்டமாவடிக்காரர்; அண்ணன் முறையில் நானா என்போம். மூன்று வருடமாக என்னோடு வருகிறார். ஒருநாளும் மலை ஏறியதில்லை. "நெஞ்சு இளைக்கும் தங்கச்சி" என்று வானுக்குள் சாய்ந்துவிடுவார். அன்றைக்கு நாங்கள் சுனையடிக்கு வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, பின்னால் சரசரவென்று சத்தம். பார்த்தால் நானா. சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். ஒரு காலில் மட்டும் செருப்பு.

கீழே காட்டிலிருந்து தனி யானை ஒன்று வந்து, வானில் முதுகைத் தேய்க்கத் தொடங்கியிருக்கிறது. நானா மறுபக்கக் கதவால் குதித்து ஓடி வந்திருக்கிறார். நாங்கள் இரண்டு மணித்தியாலம் ஏறியதை அவர் அரை மணித்தியாலத்தில் முடித்திருந்தார். ஒரு போத்தல் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தூரத்தில் மினுங்கிய வாவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, மலை இவ்வளவு கிட்டவா இருந்திச்சி?"

மாஸ்டரின் நீச்சல்

கிருபா மாஸ்டர் தேற்றாத்தீவுக்காரர். விளையாட்டு ஆசிரியர், வாட்டசாட்டமான ஆள். வழி முழுக்க நீச்சல் கதைதான். நான் லைஃப் ஜாக்கெட்டை நீட்ட, "கடற்கரையில வளந்த எனக்கா மிஸ்?" என்று சிரித்தார். மாட்டாமல் யாரும் இறங்கக்கூடாது என்பது என் சட்டம். அன்றைக்கு அவருடைய வாயையும் உடம்பையும் நம்பி விட்டுக்கொடுத்தேன். பிழை என்னுடையதுதான்.

பாறையிலிருந்து குதித்தார். ஒருதரம் மேலே வந்தார். வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. மற்றவர்கள் விளையாடுகிறார் என்று கைதட்டினார்கள். நீரில் தாழ்கிறவர் கத்த மாட்டார் என்பது எனக்குத் தெரியும். நான் எறிந்த கயிற்றை அவரால் பிடிக்க முடியவில்லை. குதித்து, பின்பக்கமாகப் போய், அக்குளுக்குள் கைபோட்டு இழுத்து வந்தேன். ரிஸ்வான் நானாவும் இன்னொரு ஆசிரியரும் மேலே தூக்கினார்கள். குடித்த தண்ணீரெல்லாம் வெளியே வந்தது. அவர் பிழைத்துவிட்டார்.

குனிந்தபடியே எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"எனக்கு இடுப்பளவு தண்ணிதான் மிஸ் பழக்கம். பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லிராதீங்க."

டீச்சர் இறங்கினார்

எல்லோரும் கரையேறிவிட்டார்கள். சோற்றுப் பார்சலை ஒருவரும் பிரிக்கவில்லை. மாஸ்டரின் முகத்தைப் பார்க்காமலிருக்க எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். கீழே கூட்டிப் போய்விடுவோம் என்று நான் முடிவெடுத்த நேரம், சுபைதா டீச்சர் எழும்பி வந்து லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கினார். "இப்படியே மலை இறங்கினா அந்த மனிசன் வெக்கத்திலயே செத்துருவார்" என்று என் காதில் சொல்லிவிட்டு, சத்தமாகக் கூப்பிட்டார்: "மாஸ்டர், எனக்கும் நீந்தத் தெரியா. நான் இறங்கப் போறன். நீங்க கரையோரம் இடுப்பளவு தண்ணியில வந்து நில்லுங்க. எனக்கொரு தைரியம்."

மாஸ்டர் தானாகவே ஒரு ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போய்த் தண்ணீரில் நின்றார்.

டீச்சரின் கழுத்துக்கும் முதுகுக்கும் கீழே கைகொடுத்தேன். உடுப்பெல்லாம் நனைந்து, உடம்பு மரம்போல விறைத்திருந்தது. "மூச்சை விடுங்க டீச்சர்" என்றேன். கொஞ்சம் கொஞ்சமாக இளகினார். சொல்லாமலே கையை எடுத்தேன். மிதந்தார்! முதலில் கைதட்டியது மாஸ்டர்தான். அதற்குப் பிறகுதான் சோற்றுப் பார்சல்கள் பிரிந்தன.

சாப்பிட்டு முடித்தோம். அதற்குள் யானையும் வானை விட்டுப் போயிருக்கும், புறப்படும் நேரமும் வந்தது. மறுபடி போய் மிதந்துகொண்டிருந்த டீச்சரைக் கூப்பிட்டேன். கண்ணைத் திறக்கவே இல்லை.

"இரிங்க புள்ள. முப்பது வரிசமா நான்தான் எல்லாரையும் தூக்கி விட்ட. இண்டைக்குத்தான் என்னை ஒண்டு தூக்குது."

ஆட்களை மலை ஏற்றுவதுகூட லேசுதான். தாழ்கிறவரோ மிதக்கிறவரோ, தண்ணீருக்குள் இறங்கியவரைக் கரையேற்றுவதற்குள்தான் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது.