தையல்நாயகி நடந்தாள்

திண்டிவனத்தில் ரைஸ் மில் நடத்திவந்த பாண்டுரங்கனின் மனைவி தையல்நாயகி தெருவில் நடந்து யாரும் பார்த்ததில்லை. கோயிலுக்குப் போவதென்றாலும் குதிரை வண்டிதான். நல்ல பாரியான உடம்பு. அதை வீட்டுச் செழிப்பென்றே ஊர் சொன்னது. அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அறுபத்திரண்டாம் வருஷம் மாசி மாதம் விழுப்புரத்திலிருந்து ஆள் வந்தது. அக்கா லட்சுமியம்மாள் துணி உலர்த்தும்போது விழுந்து, வலது பக்கம் இழுத்துக்கொண்டதாம். அக்கா தங்கை இருவருக்கும் ஒரே உடல்வாகு. கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போன தையல்நாயகியையும் டாக்டர் சீனுவாசன் உட்காரவைத்துக் கையில் பட்டையைச் சுற்றினார். ரத்தக் கொதிப்பு அக்காவுக்குச் சமமாக இருந்தது. சிறுநீரில் நீல மருந்தை விட்டுக் காய்ச்சினார். செங்கல் நிறத்துக்கு மாறியது. சர்க்கரையும் இருந்தது.

கொதிப்புக்காரிக்குச் சர்க்கரை எங்கிருந்து வந்தது என்று தையல்நாயகி கேட்டாள்.

"பருத்த உடம்புல இது ரெண்டும் பெரும்பாலும் ஜோடியாத்தான் வருதும்மா," என்றார் டாக்டர். "இன்சுலின் உள்ள ஊறிக்கினுதான் இருக்குது, உடம்புதான் அதுக்கு மசிய மாட்டேங்குதுன்னு சொல்றாங்க. ஏன்னு எனக்கும் முழுசா தெரியாது. ஆனா எடை குறைஞ்சா ரெண்டுமே எறங்குறதைப் பார்த்திருக்கேன்."

உப்பையும் சோற்றையும் குறைத்து, இனிப்பை நிறுத்தி, தினமும் நடக்கச் சொன்னார். அக்காவின் கோணிய வாயில் கஞ்சியைப் புகட்டும்போதே தையல்நாயகி முடிவு செய்துவிட்டாள்.

ஊர் திரும்பியதும், விடிந்தவுடன் ஏரிக்கரை வரை நடக்க ஆரம்பித்தாள். முதலில் முழங்கால் கெஞ்சியது. வழியில் கண்ட கல்லிலெல்லாம் உட்கார்ந்தாள். சாப்பாட்டுக்குக் கொஞ்சம் கேப்பைக் களியும் நிறையக் கீரையும். கடைத்தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. மில் முழுகிப்போச்சு, வண்டியை விற்றுவிட்டார்கள், அரிசி மில் வீட்டிலேயே களி தின்கிறார்கள் என்று. நெல் வியாபாரி ஒருவர் பாண்டுரங்கனிடமே துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்தார். அவர் கொதித்துப்போய் வீட்டுக்கு வந்து, இனி வாசல் தாண்டி நடக்கக் கூடாது என்றார்.

தையல்நாயகி குரலை உயர்த்தவில்லை.

"மில்லு நல்லா ஓடுதுன்னு நீங்க சொல்லிக்கினு இருங்க. நான் எங்க அக்கா மாதிரி படுத்துட்டா, தூக்கி உட்காரவைக்க ஊரு வராது. நான் நடக்கத்தான் போறேன்."

அவர் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் மழையில் குடை பிடித்துக்கொண்டும் நடந்தாள். ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்க வேண்டி வந்தபோது, அவளுக்குக் காசநோய் என்று புதுப் பேச்சு முளைத்தது. கேட்டுச் சிரித்தாள்.

மறு வருஷம் விழுப்புரத்தில் டாக்டர் பார்த்தபோது கொதிப்பு நன்றாக இறங்கியிருந்தது. காய்ச்சிய நீல மருந்து லேசாகப் பச்சை காட்டியதோடு சரி; சர்க்கரையும் குறைந்திருந்தது. குணமானதாக நினைத்து நடையையும் பத்தியத்தையும் விட்டுவிட்டால் இரண்டும் திரும்பிவிடும் என்றார். விடுகிற எண்ணமே இல்லை என்றாள்.

அந்தப் பயணத்திலேயே அக்காவைத் தன்னோடு அழைத்துவந்தாள். திண்டிவனம் ஸ்டேஷனில் வண்டியோடு காத்திருந்த பாண்டுரங்கன், தையல்நாயகி அக்காவை இடுப்போடு அணைத்து, யார் துணையுமின்றி ரயிலிலிருந்து இறக்குவதைப் பார்த்தார். படுக்கைச் சுருட்டை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அதற்குப் பிறகு அவள் காலை நடையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.